அறிந்தபின் எஞ்சும் அமைதி

பொழுது சாயும் வேளையில் ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பவனுக்கு உலகம் இனியதாகத் தோன்றுகிறது. பகலெல்லாம் உடலை வருத்திய வெம்மை தணிகிறது. நீரின்மேல் தவழ்ந்து வரும் காற்று முகத்தை வருடுகிறது. கூடு திரும்பும் பறவைகளின் ஒலி மெல்ல அடங்குகிறது. எவரிடமும் எதையும் கேட்காமல், எவருக்கும் எதையும் கொடுக்காமல், சும்மா இருப்பதே ஒரு நிறைவாக அமைகிறது. இந்நிறைவை அனுபவிக்காதார் அரியர். அதைப் பற்றிச் சிந்தித்தவர்களோ இன்னும் அரியர்.

இவ்வமைதி எங்கிருந்து பிறக்கிறது? இதை நுகர்வதற்கு நமக்குள்ள உரிமை யாது? இதன் பின்னணியை அறிய அறிய இது வளருமா, அன்றிக் குலையுமா? ஓய்ந்திருக்கும் நேரத்தில் இத்தகைய வினாக்கள் எதற்கு என்று அன்பர்கள் நினைக்கக்கூடும். தேனி மாவட்டத்தின் ஆறுகளையும் மலைகளையும் முன்னிறுத்தி எண்ணிப் பார்த்தால் இவ்வினாக்களின் கனம் விளங்கும்.

ஆண்டிப்பட்டிக்கு அருகே வைகை அணையின் கீழே இரு கரையிலும் பூங்கா அமைந்துள்ளது. 1959ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திறக்கப்பட்ட அணை அது. 111 அடி உயரமுடைய அதில் 71 அடிவரை நீர் தேக்கப்படுகிறது. விடுமுறை நாள்களில் மதுரையிலிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் குழந்தைகளுடன் அங்கு வருகின்றன. கட்டுச்சோறு பிரிக்கப்படுகிறது, சிறுவர் புல்வெளியில் ஓடுகின்றனர், மாலையானதும் பேச்சுக் குறைந்து, எல்லாரும் தம்மை அறியாமலே நீரையும் வானையும் பார்க்கத் தொடங்குகின்றனர்.

அவ்வேளையில் ஐம்புலன்களும் நமக்குச் சில செய்திகளைச் சொல்லுகின்றன. அவற்றுள் எத்தனை உள்ளபடியே உண்மை என்பதை முதலில் ஆராய்வோம்.

கண், செந்நிறச் சூரியன் அடிவானத்தைத் தொடுவதாகச் சொல்கிறது. உண்மையில் அந்நேரத்தில் சூரிய வட்டம் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பூமியைச் சூழ்ந்த காற்று மண்டலம் அதன் ஒளியை வளைத்து நம் கண்ணுக்குக் கொண்டுவருவதால், இல்லாத இடத்தில் இருப்பதாக அதனைக் காண்கிறோம். அந்த ஒளியும் சூரியனை விட்டுப் புறப்பட்டு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிறது. மாலைச் சூரியன் உச்சிப் பொழுதைவிடப் பெரிதாகத் தோன்றுவதும் மனத்தின் மயக்கமே. அளந்து பார்த்தால் அது சிறிதும் பெருத்திருப்பதில்லை. செம்மையும் சூரியனின் நிறமன்று. அதன் கதிர்கள் சாய்வாக நெடுந்தொலைவு காற்றை ஊடுருவி வரும்போது நீல ஒளி வழியிலேயே சிதறிப்போக, செவ்வொளி மட்டும் மிஞ்சி நம்மை வந்தடைகிறது.

செவியின் செய்தியும் அத்தகையதே. அந்தியில் உலகம் அமைதியாகிவிட்டது என்கிறோம். ஆயினும் அக்கரையில் இருவர் பேசுவது பகலைவிட அப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது. நிலத்தையும் நீரையும் ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று நிற்பதால், மேலே போக வேண்டிய ஒலி மீண்டும் தரையை நோக்கி வளைந்து வருகிறது. கரையோரத்து ஆழமற்ற நீரில் காலை நனைத்தால் இதமான சூடு தெரிகிறது. நீர் சூடாகிவிட்டதென்று கால் கருதுகிறது. உண்மையில் நீரைவிடக் காற்று விரைந்து குளிர்ந்திருக்கிறது, அவ்வளவே.

புலன்கள் இவ்வாறு நம்மை வழிதவறச் செய்யும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நிழல் அசையாது நிற்பதாகக் கண் சொன்னாலும் அது கணந்தோறும் நகர்ந்துகொண்டே இருப்பதையும், ஒரு பொற்காசின் அளவாகத் தோன்றும் விண்மீன் பூமியைவிடப் பெரிது என்று கணித நூலார் நிறுவுவதையும் எடுத்துக்காட்டி, புலனறிவை மட்டும் நம்பலாகாது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாகப் பலர் கருதிய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று விளக்கினார். நைல் நதியின் பெருக்கைக் கட்டுப்படுத்திக் காட்டுவதாகச் சொல்லி எகிப்துக்கு அழைக்கப்பட்ட அவர், ஆற்றின் வழியே தெற்கே சென்று பார்த்தபின், அது தம்மால் ஆகாது என உணர்ந்து திரும்பினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஒளியையும் ஆற்றையும் ஒருங்கே ஆராய்ந்த ஒருவர் தம் அறிவின் எல்லையையும் கண்டுகொண்டார் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

பொழுது சாய்வதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யலாகாது என்பது நம் இல்லங்களில் அனைவரும் அறிந்த செய்தியே. மலையடிவார ஊர்களில் சூரியன் மலைக்குப் பின்னே மறைவதும், அடிவானத்தில் மறைவதும் ஒன்றல்ல. மலைக்குப் பின்னே மறைந்தவுடன் நோன்பு திறப்பதற்கில்லை. உயரமான சிகரங்களிலிருந்து வெயில் நீங்கியதா, கீழ்த்திசையில் இருள் எழுந்ததா என்று நோக்க வேண்டும் என மார்க்கச் சட்ட அறிஞர்கள் அறிவுறுத்தினர். மஃரிபு வேளையை அறிவதற்கு மேற்கே மட்டும் பார்த்தால் போதாது. கிழக்கையும் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்பத்தை அளந்தறிவதற்கும் இது பொருந்துமெனத் தோன்றுகிறது.

இதுவரை கூறிய அறிவு அந்தியின் அழகைக் குறைத்ததா? இல்லை. வளைந்து வரும் ஒளியையும் சிதறிப்போன நீலத்தையும் அறிந்தவனுக்கு மாலை வானம் முன்னிலும் வியப்புக்குரியதாகிறது. படைப்பின் நுட்பத்தை அறிவது அமைதியை வளர்க்கிறது. முதல் வினாவுக்கு எளிதில் விடை கிடைத்துவிட்டது. ஆனால் எல்லா அறிவும் இவ்வளவு இனிமையாக முடிவதில்லை.

கண்முன் ஓடும் இந்நீர் யாருடையது என்று கேட்போம். வருசநாட்டு மலைகளில் பிறந்து வரும் வைகையோடு, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் முல்லைப் பெரியாறு தேனியின் அருகே கலக்கிறது. மேற்கே அரபிக் கடலுக்குச் செல்ல வேண்டிய பெரியாற்றின் நீரை அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதனால் வந்த நீர் அது. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் நினைவு மாறாத காலத்தில், 1886 அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னருக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு எழுந்த அணை 1895இல் நிறைவுற்றது. கொடுங்காட்டில் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் பலியான தொழிலாளர் பலர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம்.

அந்நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லும் தென்னையும் வாழையும் திராட்சையும் செழித்தன; மதுரைச் சீமையின் வயல்கள் பசுமை பெற்றன. பென்னிகுயிக்கின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டி, பிள்ளைகளுக்கு அவர் பெயரையே இட்ட குடும்பங்கள் இப்பள்ளத்தாக்கில் உண்டு. லோயர் கேம்ப்பில் அவருக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் 2013இல் திறக்கப்பட்டது. நன்றி மறவாமைக்கு இது நல்ல சான்று.

ஆயினும் அதே அணைக்கு மறுபுறம், பெரியாற்றின் கீழ்க்கரையில் வாழும் இடுக்கி மக்கள், நூற்றாண்டைக் கடந்த அக்கட்டுமானம் தாங்குமா என்று அஞ்சுகின்றனர். 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அணை வலுவுடையதெனக் கண்டு 142 அடிவரை தேக்கலாமென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் வழக்கு அவ்வாறு ஒரு நிலைக்கு வந்தாலும், மழை கொட்டும் இரவுகளில் அம்மக்களின் நெஞ்சிலுள்ள அச்சம் தீர்ப்பினால் மட்டும் தீர்ந்துவிடுவதில்லை. நமக்கு இசையாகக் கேட்கும் நீரொலி வேறொருவர் செவிக்கு அச்சமாகக் கேட்கிறது. நம் உரிமை நியாயமானதாயினும் அவர் அச்சம் பொய்யாகிவிடாது.

வைகை அணையின் தேங்கிய நீரும் அத்தகையதே. அந்த அமைதியான பரப்பின் அடியில் ஊர்கள் இருந்தன. உழுத நிலங்கள் இருந்தன. அணைக்காகத் தம் ஊரை விட்டெழுந்த மக்களின் துயரையே வைரமுத்து ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்னும் புதினமாக எழுதினார். அதற்கு 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பூங்காவில் விளையாடும் குழந்தைக்கு அது தெரியாது. தெரிய வேண்டுமென்று நாம் வற்புறுத்தவும் வேண்டுவதில்லை. ஆனால் குழந்தையை அழைத்து வந்த பெரியவர்களுக்கு அது தெரியாமலிருப்பது நன்றன்று.

இன்னும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அதே மாலை நேரத்தில் கேரளத்தின் ஏலத்தோட்டங்களில் நாள்முழுதும் உழைத்த பெண்கள், ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து, குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகவும் பள்ளத்தாக்குக்குத் திரும்பிக்கொண்டிருப்பர். சூரியன் மறைவதை அவர்களும் காண்கின்றனர். ஆயினும் அவர்கள் எண்ணமெல்லாம் வீட்டில் மூட்ட வேண்டிய அடுப்பின் மேலேயே இருக்கும். நம் இல்லங்களிலும் மாலைப் பொழுதின் அழகை எத்தனை தாய்மார்கள் கண்டிருக்கின்றனர்? ஆண்கள் காற்று வாங்கச் செல்லும் வேளையே அவர்களுக்கு அடுப்படியில் வேலை மிகும் வேளை. அந்தியின் அமைதி எல்லார்க்கும் பொதுவாகப் படைக்கப்பட்டது. பங்கீட்டில்தான் குறை நேர்ந்திருக்கிறது. அக்குறை நம் செயலால் நேர்ந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். “களைத்து வந்த மனிதன் ஒரு நாழிகை ஆற்றங்கரையில் அமர்ந்து இளைப்பாறுகிறான், அவனிடம் உடன்படிக்கையையும் வழக்கையும் ஊர் மூழ்கியதையும் சொல்லி, அந்தச் சிறு இன்பத்தையும் பறிப்பது அறமாகுமா?” என்று கேட்பர். நியாயமான கேள்வியே. ஓய்வு மனிதனுக்குரிய தேவை. அதற்கு அவன் எவரிடமும் காரணம் காட்ட வேண்டியதில்லை. களைத்தவன் அந்நேரத்தில் எதையும் சிந்திக்கக் கடமைப்பட்டவனல்லன். ஆனால் ஒருவன் ஓய்ந்திருக்கும் நேரம் வேறு. ஒரு சமுதாயம் மறந்திருக்கும் காலம் வேறு. அவ்வொரு நாழிகையில் அவன் மறந்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாக நாம் அனைவரும் மறந்திருப்போமானால், அதற்கு அமைதி என்று பெயரில்லை. உறக்கம் என்றே பெயர். கேள்வி கேட்டவுடன் கலைந்துபோகும் அமைதி, கேள்வி கேட்கப்படாதவரைக்குமே நிலைக்கும். கேட்டபின்னும் எஞ்சுவது எதுவோ அதுவே நமக்குரியது.

இவ்விரண்டையும்விடக் கடினமான சோதனை பொட்டிப்புரத்தில் காத்திருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடியில் உள்ள சிற்றூர் அது. அங்கே ஆற்றங்கரைப் பூங்கா இல்லை. மழையையும் கிணற்றையும் பெரும்பாலும் நம்பிய நிலங்களே உண்டு. மலை மேற்கே நிற்பதால், சமவெளியில் வெயில் இன்னும் இருக்கும்போதே அதன் நிழல் ஊரின்மேல் நடந்து வருகிறது. ஊரையொட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் கூடம் அமைக்க அறிவியலார் திட்டமிட்டனர்.

நியூட்ரினோவைக் கண் காணாது, செவி கேளாது, தோல் உணராது. 1930இல் பவுலி என்னும் அறிஞர் கணக்கினால் ஊகித்தார். 1956இல்தான் அது உண்டென்று சோதனையில் உறுதியாயிற்று. சூரியனிலிருந்து மட்டும், நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் விநாடிதோறும் 6,000 கோடிக்கு மேற்பட்ட நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. பாறையும் பூமியும் அவற்றுக்குத் தடையல்ல. ஆதலால் சூரியன் மறைந்து இருள் சூழ்ந்த பின்னும், பூமியின் மறுபக்கத்திலிருந்து நிலத்தைத் துளைத்து, நம் பாதத்தின் வழியே அவை மேலேறிச் செல்கின்றன. ஜப்பானில் காமியோகா என்னுமிடத்தில் மலைக்கு அடியில் 50,000 டன் தூய நீரை நிரப்பி, இரவிலும் அத்துகள்களைக் கொண்டு சூரியனைக் கண்டனர். கண்ணுக்கு மறைந்த சூரியன் நம்மை விட்டு நீங்கவே இல்லை! மாலை வேளையில் இதை எண்ணிப் பார்ப்பவன் மெய்சிலிர்க்காதிரான்.

வானிலிருந்து பொழியும் பிற துகள்கள் குறுக்கிடாத ஓரிடம் இவ்வாய்வுக்கு வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965இலேயே, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை நம் நாட்டார் கண்டறிந்து உலகப் புகழ் பெற்றிருந்தனர். அச்சுரங்கம் மூடப்பட்ட நிலையில், எப்பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ்ந்த இடமாகப் பொட்டிப்புரத்து மலையைத் தேர்ந்தனர். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் 50,000 டன் இரும்பாலான கருவியும் திட்டத்தில் இருந்தன. மக்களோ, வெடிவைத்துப் பாறை உடைப்பதால் மலைக்கும் நிலத்தடி நீருக்கும் அணைகளுக்கும் கேடு வருமோ என்று அஞ்சினர். வழக்குகள் எழுந்தன. முன்னர் வழங்கப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நிறுத்திவைத்தது. 2018இல் நடுவண் அரசு மீண்டும் அனுமதி தந்தது. மலையின் உயிர்ச்சூழலையும் புலிகளின் வழித்தடத்தையும் காட்டி, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. மலை இன்னும் குடையப்படவில்லை.

இங்கே இருவகை அமைதிகள் எதிரெதிரே நிற்கின்றன. அறிஞர் நாடியது மலையின் உள்ளே உள்ள அமைதி. ஊரார் காக்க விழைந்தது மலையின் வெளியே உள்ள அமைதி. இரண்டும் தன்னலத்தால் பிறந்தவையல்ல. அறிவைத் தேடுவது கடமை என்று போற்றுகின்ற நாம் ஆய்வாளரை இழித்துரைக்கலாகாது. தன் கிணற்றையும் மேய்ச்சல் நிலத்தையும் எண்ணி அஞ்சும் உழவனை அறியாதவன் என்று எள்ளுவதும் தகாது. நியூட்ரினோவே தீங்கு செய்யுமென்று அஞ்சுவதற்குக் காரணமில்லை. அது என்றென்றும் நம் ஊடே சென்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வெடிமருந்து, பாறைத் தூசு, நீர், நிலம் ஆகியவற்றைப் பற்றிய அச்சம் அத்தகையதன்று. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு மலையைக் குடைய வருவோருடையதே.

ஆகவே என் துணிபு இது: ஓர் ஊரின் அமைதியை எடுத்துக்கொள்ள விரும்புவோர், எத்துணை உயர்ந்த நோக்கத்துக்காக ஆயினும், அவ்வூராரின் மொழியில், அவர்கள் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் கேட்கும் கடைசிக் கேள்வி தீரும்வரை விளக்கக் கடமைப்பட்டவர்கள். ஊராரும் விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அதன்பின் அவர்கள் மறுத்தால் அம்மறுப்பு மதிக்கப்பட வேண்டும். வைகையில் ஊர்கள் மூழ்கியபோது இவ்வாறு கேட்கப்படாத குரல்களின் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை. இனி வரும் மலைகளிடத்திலாவது அக்கடனை ஏற்றலாகாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று தம் தோழர் சஅது (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதாக இப்னு மாஜாவின் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. பெருகி ஓடும் ஆற்றில் ஒரு கை நீர் குறைவதால் என்ன கேடு வந்துவிடும்? பற்றாக்குறையை எண்ணி மட்டும் சொல்லப்பட்ட அறிவுரையாக இதைக் கொள்ள இயலாது. எவ்வளவு இருந்தாலும் அது நமக்கென்றே உரியதன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்னும் உணர்வு கையிலேயே பழக வேண்டும் என்பதே அதன் உட்பொருள் என்று கருதலாம். நீருக்குச் சொன்னது நீர்க்கரையின் அமைதிக்கும் பொருந்தும்.

அமானிதமாகக் கருதுபவன் என்ன செய்வான்? அது எவ்வழியே தன்னிடம் வந்தது என்பதை அறிந்து வைப்பான். காய்ச்சலில் மடிந்த தொழிலாளரையும், ஊரிழந்த குடும்பங்களையும், மறுகரையில் அஞ்சி வாழ்வோரையும் நன்றியோடும் பரிவோடும் நினைப்பான். இலையையும் காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் கரையில் எறிந்து, ஒலிபெருக்கியால் பிறர் அமைதியைக் கெடுத்துத் திரும்பமாட்டான். இன்று வராதவர்க்கும் அதில் பங்குண்டு என்பதை மறவான். ஆற்றின் கடைக்கோடியில், இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயில் நீருக்காகக் காத்திருக்கும் உழவனுக்கும் பங்குண்டு. அடுப்படியை விட்டு நீங்க முடியாத தன் வீட்டுப் பெண்களுக்கும் பங்குண்டு. வாரத்தில் ஒரு மாலையேனும் சமையலைத் தான் ஏற்று, அவர்களை ஆற்றங்கரைக்கு அனுப்பி வைப்பது எளிய செயல். ஆயினும் பல நூல்களைப் படிப்பதைவிட அது சிறந்த பாடமாக அமையும்.

அறிதல் அமைதியைக் கெடுக்குமா என்று தொடக்கத்தில் கேட்டோம். படைப்பைப் பற்றிய அறிவு அதனை வளர்க்கிறது. வரலாற்றைப் பற்றிய அறிவு சற்றே கலக்குகிறது. அக்கலக்கம் பொறுப்பாக மாறுமானால் அமைதி மீண்டும் வந்து நிலைபெறுகிறது. தீராத வழக்குகளைப் பற்றிய அறிவோ பொறுமையைக் கேட்கிறது. இம்மூன்றையும் கடந்து எஞ்சும் அமைதி, தொடக்கத்தில் இருந்ததைவிடச் சிறிதாகவே தோன்றக்கூடும். ஆயினும் அது யாரிடமிருந்தும் பறித்ததாகாது; யார் வந்து கேட்டாலும் தலைநிமிர்ந்து விடை சொல்லத் தக்கதாகும். பாங்கொலி கேட்டு, ஆற்று நீரில் அளவாகக் கை நனைத்து எழும் ஒருவன், அத்தகைய அமைதியோடு எழுவானாயின் அவன் மாலைப்பொழுது வீணாயிற்றென்று எவரும் சொல்லமுடியாது.